மாப்பிள்ளையைப் பாசியிலிருந்து மீட்கப் போன படலம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே உடம்பெல்லாம் உப்புப் பூத்திருப்பது நீங்கலாக மற்ற எல்லா வகையிலும் சுகம். நீங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாகவும், உங்கள் ஐஸ்கிரீம் கடை உருகாமலும், கடைக்குள் மின்சாரம் போகாமலும் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் தாமதத்துக்கு மன்னிப்பு. பத்தே நாளில் உங்கள் மகனைக் காதைப் பிடித்து அழைத்து வருவதாக உங்கள் கடை வாசலில் வைத்து நான் வாக்குக் கொடுத்தேன். இன்று நாற்பத்தேழாவது நாள். அன்று நீங்கள் நின்ற கோலம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. ஐஸ்கிரீம் அள்ளும் கரண்டியை ஓங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் அத்தனை பேர் முன்னாலும், "போய் இழுத்துட்டு வாங்க சம்பந்தி! புல்லு வளக்குறானாம் புல்லு, அதுவும் தண்ணிக்குள்ள! ஆடு மாடு கூடத் திங்காத அழுக்குப் புல்லு!" என்று கத்தினீர்கள். அந்தக் கோபத்திலும் எனக்குப் பேருந்துச் சீட்டு எடுத்துக் கொடுத்து, பத்து நாள் பயணத்துக்கு மூன்று மாத ரத்த அழுத்த மாத்திரையும் வாங்கி என் பையில் திணித்தீர்கள். எதையும் முன்கூட்டி யோசிக்கிற மனிதர் என்று அப்போதே மெச்சிக்கொண்டேன். இங்கே வந்த பிறகு இரண்டு தரம் உங்களோடு பேசப் போனைக் கையில் எடுத்தேன். உங்கள் குரலை நினைத்ததும் கீழே வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். காகிதம் கத்தாது.

வந்த அன்றே பேசியிருப்பேன் சம்பந்தி, பொய் சொல்லவில்லை. பேருந்திலேயே மூன்று குறிப்பு தயார் செய்திருந்தேன். ஒன்று, படித்த படிப்பு என்ன ஆவது. இரண்டு, அப்பா வைத்த கடையை யார் பார்ப்பது. மூன்று, ஊர் என்ன சொல்லும். உங்கள் மகனும் என் மகளும் இருப்பது கடலோரத்தில் இரண்டே அறை கொண்ட வீடு. உள்ளே நுழைந்தால் கயிறு. நாற்காலியில் கயிறு, கட்டிலில் கயிறு, அடுப்புக்குப் பக்கத்தில் கயிறு, எனக்குக் காப்பி கொடுத்த டம்ளருக்கு அடியில் வட்டமாகச் சுருட்டிய கயிறு. "மாப்பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டேன். "கடல்ல நிக்கிறாருப்பா" என்றாள் என் மகள், ஏதோ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது மாதிரி. நேரே போனேன். கரையிலிருந்து நூறடி தள்ளி இடுப்பளவு தண்ணீரில் ஒரு கறுத்த ஆள் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். அதுதான் உங்கள் வெள்ளை வெளேர் பிள்ளை. கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை. நாலடி உள்ளே போனேன், கேட்கவில்லை. இன்னும் நாலடி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னதை நான் ஏதோ வாழ்க்கைத் தத்துவம் என்று நினைத்திருந்தேன், அது நேரடிப் பொருளிலேயே சொல்லப்பட்டது என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு செருப்பு போனது. இன்னொன்று அதைத் தேடிப் போனது. நெஞ்சு வரை தண்ணீரில் நின்றபடி, "மாப்பிள்ளை! உங்க அப்பா...!" என்று ஒரு கூப்பாடு போட்டேன். மிச்சத்தை ஒரு அலை வந்து என் வாய்க்குள் திருப்பி அனுப்பிவிட்டது.

உங்கள் மகன் கையிலிருந்ததை எல்லாம் அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "மாமா, அப்பாவுக்கு என்ன? என்ன ஆச்சு அப்பாவுக்கு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒண்ணும் ஆகலை மாப்பிள்ளை, நல்லா இருக்கார். கோவமா இருக்கார்" என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. அழுகிற ஆளிடம் மூன்று குறிப்பை எப்படிச் சொல்வது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பேச உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் கயிறு இருந்தது. நீங்கள் புல் என்று திட்டிய இந்தச் சிவப்புக் கடற்பாசிக்கு வேரும் கிடையாது, விதையும் கிடையாது சம்பந்தி. பழைய செடியில் ஒரு கைப்பிடித் துண்டை ஒடித்து, கயிற்றில் சாண் இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கட்டி, மூங்கில் தெப்பத்தில் மாட்டிக் கடலில் விட்டால் அது பாட்டுக்கு வளர்கிறது. உரம் கிடையாது, தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. (கடலுக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்று நீங்கள் கேட்பது கேட்கிறது.) அந்தத் துண்டுகளைக் கட்டப் பத்துப் பெண்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தியை முடிச்சக்கா என்று கூப்பிடுகிறார்கள். ஒரு பேச்சு பேசி முடிப்பதற்குள் நாலு முடிச்சுப் போட்டுவிடுகிற கை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் கட்டினேன். முப்பத்தைந்து வருஷம் லிப்ட் பழுதுபார்த்தவன், எனக்குக் கயிறு தெரியாதா? எட்டுப் பேர் ஏறினாலும் அவிழாத முடிச்சாகப் போட்டேன். முடிச்சக்கா வந்து தூக்கிப் பார்த்தாள். "அண்ணே, இது பாசி, திருடன் இல்ல. களுத்த நெரிக்காதீங்க" என்றாள். பத்துப் பெண்களும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அவள் அம்மா போன இந்த நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில் போய், "மூட்டை கட்டுங்க, கிளம்பலாம்" என்று எப்படி வாயெடுப்பது? அன்றும் போயிற்று. சாயங்காலத்துக்குள் தளர்வாக முடிச்சுப் போடப் பழகிவிட்டேன். என் கயிறு முப்பத்திரண்டு என்று முடிச்சக்காவே எண்ணிச் சொன்னாள்.

மூன்றாவது வாரம் கண்டிப்பாகப் பேசுவதாக இருந்தேன். அன்று பார்த்து நான் ஒரு காரியம் செய்தேன். காலையில் தெப்பத்தைப் பார்க்கப் போனவன் என் கயிறுகளில் நுனி நுனியாக வெள்ளை வெள்ளையாக இருப்பதைக் கண்டேன். மனசு துள்ளிற்று. கரைக்கு ஓடி வந்து, "பூத்திருக்கு! பாசி பூத்திருக்கு!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தேன். யாரும் மகிழவில்லை. முடிச்சக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். உங்கள் மகன் கத்தியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அது பூ இல்லை சம்பந்தி, நோய். தண்ணீர் சூடாகி, ஓட்டம் இல்லாமல் நின்றுபோனால் பாசி இப்படி வெளுத்து ஒடிந்து விழுமாம். ஒன்று வெளுத்தால் பக்கத்தில் இருப்பதும் வெளுக்குமாம். அன்றைக்கு முழுநாளும் எல்லாரும் தண்ணீரில் நின்று வெளுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தார்கள். நல்லதை மட்டும் நீரோட்டம் உள்ள இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டினார்கள். மத்தியானம் உங்கள் மகன் கரைக்கு வந்து, என் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து, "போயிருமோன்னு பயமா இருக்கு மாமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கல்யாணத்தன்று மாலையோடு பார்த்த பிறகு அவர் முகத்தை நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. "போகாது மாப்பிள்ளை" என்றேன். எனக்கு என்ன தெரியும்? பூவுக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரியாதவன். ஆனாலும் சொன்னேன்.

வெளுப்பு நின்றதும் மீன் வந்தது. இளம் நுனியாகப் பார்த்துக் கொறிக்கிறது, உங்கள் கடைக்கு வருகிற பிள்ளைகள் மேலே இருக்கிற செர்ரிப் பழத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகிற மாதிரி. நான் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் வைத்துத் தட்டினேன். மீன்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு மறுபடியும் தின்னத் தொடங்கின. பிறகு சுற்றி வலை கட்டினோம்.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன், நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். பாசி வாங்குகிற ஆலையிலிருந்து ஒரு பரிசோதகர் அம்மா இடையில் ஒருநாள் வந்தார். காய்ந்த பாசியை ஒடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மண் இருக்கிறதா என்று உதறிப் பார்க்கிற அம்மா. "இத என்னம்மா பண்ணுவீங்க, மாட்டுக்குப் போடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காலையில பல்லு வெளக்கினீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வெளக்கினேன் என்றேன். "பற்பசையில தண்ணியும் பொடியும் தனித்தனியாப் பிரியாம ஒண்ணா வருது பாருங்க, அதுக்குப் பல கம்பெனி இதத்தான் போடுறாங்க" என்றார். இந்தப் பாசியை வேகவைத்து ஒரு பொடி எடுக்கிறார்களாம். கராஜீனன் என்று பெயர். கேட்டால் ஏதோ கதையில் வருகிற அரக்கன் பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் பரம சாது. ருசி கிடையாது, வாசனை கிடையாது, கெட்டியாகப் பிடித்து வைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். சாக்லேட் பாலில் சாக்லேட் அடியில் தங்காமல் இருக்க அது. தலைக்குப் போடுகிற ஷாம்பு வழுக்கிக்கொண்டு வர அது. மாத்திரை உறையில் அது, குளியலறையில் மாட்டுகிற வாசனைக் கட்டியில் அது, டப்பாவில் வரும் நாய்ச் சாப்பாட்டில்கூட அது. இன்னொரு ஜாதிச் சிவப்புப் பாசியிலிருந்து அகர் எடுத்து, ஜெல்லி செய்கிறார்கள். அதே அகரைத் தட்டில் ஊற்றி ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கிறார்கள். கிருமிக்கும் விருந்து, நமக்கும் விருந்து. கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. கடைசியாகத்தான் அந்த அம்மா சொன்னார், "ஐஸ்கிரீம்ல போடுறதுதான் ஏகப்பட்டது. உருகி உறையும்போது ஐஸ் நறநறன்னு ஆகாம இருக்கிறது எதனாலன்னு நெனச்சீங்க?"

சம்பந்தி, கோபிக்கக் கூடாது. உங்கள் கடையின் பின்னறையில் நீல மூடி போட்ட டப்பா ஒன்று இருக்குமே, "இந்தப் பொடி ஒரு கரண்டி போட்டாத்தான் என் ஐஸ்கிரீம் பட்டு மாதிரி நாக்குல நிக்கும், இது என் தொழில் ரகசியம்" என்று எனக்கே ஒரு தரம் திறந்து காட்டினீர்களே. நீங்கள் கரண்டியை ஓங்கிக்கொண்டு திட்டிய அழுக்குப் புல் உங்கள் கரண்டியிலேயே இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை பார்க்கவும். தப்பாக இருந்தால் நான் சொன்னதை மறந்துவிடவும். சரியாக இருந்தால் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

இதற்கெல்லாம் நடுவில்தான் அந்தக் காற்று வந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் நிறைவாகாது. முப்பத்தெட்டாம் நாள், மத்தியானம் மூன்று மணி. அன்றைக்குத்தான் உங்கள் மகனிடம் பேசுவதற்காக மூன்று குறிப்பையும் மறுபடி ஒருமுறை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று வானம் கறுத்து, காற்று கடலைச் சுருட்டிக்கொண்டு வந்தது. இருபது தெப்பங்களைச் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கட்டி, இரண்டு பக்கமும் நங்கூரம் போட்டிருக்கிறது. ஒரு பக்கத்து நங்கூரக் கயிறு அறுந்துவிட்டது. இருபது தெப்பமும் வால் சுழற்றுகிற மாதிரி பாறைப் பக்கம் திரும்பத் தொடங்கின. பாறையில் மோதினால் இந்த விளைச்சல் மட்டுமில்லை, அடுத்த பருவத்துக்கு ஒடித்துக் கட்ட வேண்டிய நாற்றும் போச்சு. பத்து வீட்டுப் பிழைப்பு. உங்கள் மகன் ஒரு பெருங்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார். என் மகள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தாள். அவர் நீந்திப் போய்த் தெப்பத்தில் கயிற்றைக் கட்டிவிட்டார். கரையில் பெண்கள் ஆறு பேர் பிடித்து இழுத்தார்கள். காற்று அவர்களைப் பிடித்து இழுத்தது. மணலில் குதிகால் உழுதுகொண்டு ஆறு பேரும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தி, எனக்கு நீச்சல் தெரியாது. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கயிற்றின் ஒரு முனையில் பாரமும் மறுமுனையில் மனுஷனும் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். "இழுக்காதீங்க!" என்று கத்தினேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. "இழுத்தா தோத்துருவோம்! தூண்ல சுத்துங்க! மூணு சுத்து!" படகு கட்டுகிற கல்தூண் ஒன்று கரையில் இருக்கிறது. கயிற்று முனையை வாங்கி நானே மூன்று சுற்றுச் சுற்றினேன். சுற்றியதும் பாருங்கள், ஆறு பேரைக் கொண்டுபோன பாரத்தை நான் ஒரு ஆள் பிடித்து நின்றேன். காற்று அடிக்கும்போது பிடித்துக்கொள், அலை உள்ளே தள்ளிக் கயிறு தளரும்போது ஒரு முழம் சுருட்டு. லிப்டும் அதேதான், கடலும் அதேதான். "இப்ப! சுருட்டு! பிடி! விடாதே!" என்று ஒரு மணி நேரம் கத்தினேன். முழம் முழமாக இருபது தெப்பமும் பாறையை விட்டு விலகி வந்தன. மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டே கரை ஏறினார். முடிச்சக்கா தூணைச் சுற்றியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த முடிச்சு மட்டும் நீங்க போட்டபடியே இருக்கட்டும்" என்றாள். என் மகள் ஓடி வந்தாள். என் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்து, தோல் உரிந்த இடத்தில் ஊதிவிட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக விழுந்து அடிபட்டபோது நான் ஊதிவிடுவேனே, அப்படியே. சரி, அதை விடுங்கள்.

நேற்று முன்தினம் அறுவடை. ஒரு கைப்பிடித் துண்டாகக் கட்டியது ஒவ்வொன்றும் நான் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குகிற அளவு. இப்போது பந்தலில் காய்கிறது. பத்துக் கூடை ஈரப் பாசி காய்ந்தால் ஒரு கூடைதான் என்கிறார்கள். நேற்று தூறல் போட்டபோது நான் என் போர்வையை எடுத்துப் பாசிக்குப் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டு நின்றேன். மழைத் தண்ணீர் பட்டால் தரம் போய்விடும், எனக்குப் பட்டால் தும்மல்தானே.

ஆகவே சம்பந்தி அவர்களே, நடுநிலையோடு சொல்வதென்றால், உங்கள் மகன் கறுத்திருக்கிறார், மெலிந்திருக்கிறார், படுத்ததும் தூங்குகிறார். என் மகள் வேலை செய்யும்போது பாடுகிறாள். பாட்டு சுமார்தான். இருந்தாலும் வாக்கு வாக்குதான். நாளைக் காலை, இந்தப் பாசி காய்ந்து முடிந்ததும், மாப்பிள்ளையை உட்கார வைத்து மூன்று குறிப்பையும் ஒன்றுவிடாமல் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு நானும் ஊர் வந்து சேருவேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைக்கவும். அவர் வந்து உட்கார்ந்ததும் திட்ட வேண்டாம். ஒரு நாள் போகட்டும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடத்தை விடவேண்டாம் என்று சொல்லவும். உங்கள் குடும்பம் தழைக்கட்டும், தொழில் பெருகட்டும், கோபம் குறையட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதிய அத்தனையையும் கிழித்துப் போடவும். இன்று பகல் பதினொன்றரைக்கு நீங்கள் போன் செய்தபோது மறுமுனையில் பேசாமல் இருந்தது உங்கள் மருமகள் இல்லை, நான். இந்தக் கடிதத்துக்கு உறை கேட்டேன். கையெல்லாம் உப்பு, கழுவிவிட்டு வந்து தருகிறேன் என்று அவள் போனாள். கட்டிலில் அவள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள்: "என்னம்மா, உங்கப்பா இன்னிக்கு நல்லாச் சாப்பிட்டாரா? கைப்புண்ணு ஆறிடுச்சா? சந்தேகம் ஒண்ணும் வரலியே? வந்தாச் சொல்லு, நான் இன்னொரு தடவ கோவப்படுறேன்."

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினாள், பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஓய்வு பெற்ற பிறகு நான் தினமும் மத்தியானம் எங்கள் கட்டடத்து லிப்டில் தனியாக ஏறி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்ததைக் காவலாளி அவளிடம் சொல்லியிருக்கிறான். மூன்று தரம் வரச்சொல்லிக் கூப்பிட்டாள், சும்மா வந்து உட்கார்ந்து சாப்பிட நான் என்ன விருந்தாளியா என்று நான்தான் மறுத்தேன். அவள் உங்களிடம் அழுதிருக்கிறாள். "வேலைன்னு சொல்லி அனுப்பினா வருவாரும்மா, அத நான் பாத்துக்குறேன்" என்றீர்களாம். மகன் பாசி வளர்ப்பதில் உங்களுக்கு ஒரு வருஷமாகவே கோபம் கிடையாதாம். கடை வாசலில் கத்துவதற்கு முந்திய நாள் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தீர்களாம். மாப்பிள்ளைக்கும் எல்லாம் தெரியுமாம்.

நான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. காற்றுக் காலத்துக்கு முன் எல்லாத் தெப்பத்துக்கும் கப்பி வைத்து இழுவைக் கயிறு போட்டுத் தரச்சொல்லி முடிச்சக்காவின் குழு கேட்டிருக்கிறது. அடுத்த பருவம் முடியும்வரை எனக்கு வேலை இருக்கிறது. உங்கள் மேல் நான் மிகுந்த கோபத்தில் இருக்கிறேன் சம்பந்தி. சாதாரணக் கோபம் இல்லை. ஆனால் நாளைக் காலை நாற்றுக் கட்ட வேண்டும், இந்த வாரம் அதற்கு நேரமில்லை.